கடலூர் மணலில் ஹனோவர்ச் சிப்பாய்கள்

பழைய ஜெர்மன் ராணுவ உடைகளைச் சேகரிப்பவர்கள் ஒரு துணிப்பட்டைக்காக எவ்வளவு தூரமும் போவார்கள். வெளிர்நீலப் பட்டை, அதன்மேல் மஞ்சள் நூலில் 'ஜிப்ரால்டர்' என்ற எழுத்துகள். சட்டைக் கையின் நுனிப்பக்கம் தைத்துக்கொள்வது. முதல் உலகப் போரில் 73-ஆம் ஃபியூசிலியர் படைப்பிரிவின் சிப்பாய்கள் அதை அணிந்தே பதுங்கு குழிகளில் கிடந்தார்கள். எழுத்தாளர் எர்ன்ஸ்ட் யுங்கரும் அவர்களில் ஒருவர்.

ஸ்பெயினின் தென்கரையை ஒட்டி இருக்கும் ஒரு பாறைக்கோட்டையின் பெயர் ஜெர்மன் சட்டைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு மணிமுடி. இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ஜார்ஜ், ஜெர்மன் நிலமான ஹனோவருக்கும் அதிபதி. 1779 முதல் 1783 வரை ஜிப்ரால்டர் முற்றுகையிடப்பட்டபோது, அவருடைய ஹனோவர்ப் படைகள் ஆங்கிலேயரோடு நின்று அதைக் காத்தன. நூறு ஆண்டுக்கும் மேல் கழிந்து, 1901-இல், ஹனோவர் மரபுக்கு வாரிசாக அறிவிக்கப்பட்ட படைப்பிரிவுகளுக்குக் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் அந்தப் பட்டையைக் கொடுத்தார்.

அதே மன்னர், அதே ஆண்டுகளில், வேறு இரண்டு ஹனோவர்ப் படைப்பிரிவுகளையும் கப்பலேற்றி அனுப்பினார். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் சோழமண்டலக் கடற்கரை. 1783 ஜூன் மாதம் அவர்கள் ரத்தம் சிந்திய ஊர் கடலூர். கடலூர் என்று எழுதிய பட்டை எந்தச் சட்டையிலும் ஏறவில்லை. சேகரிப்பில் ஆர்வம் கொண்ட ஒரு பயணியைச் சிதம்பரத்தில் கடலூர்ப் பேருந்து ஏற வைத்தது இந்த வேறுபாடுதான்.

சிதம்பரத்தில் தொடங்குவது பொருத்தம். நடராசர் கோயிலின் உயர்ந்த மதில்களுக்குள் அந்தப் போர்க்காலத்தில் மைசூர் ஐதர் அலியின் படை இருந்தது. 1781 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் அதைப் பிடிக்க முயன்று தோற்றுத் திரும்பினார். சில நாளில், ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டை மணலில் ஐதரைத் தோற்கடித்தார். பேருந்து முட்லூரைத் தாண்டும்போது பரங்கிப்பேட்டைக்கு வலப்பக்கம் சாலை பிரிகிறது. அங்கிருந்து வடக்கே புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று வயலும் சவுக்குத் தோப்பும் மாறி மாறி வருகின்றன. கடல் கண்ணுக்குப் படாது. காற்றில் மட்டும் உப்பு. பிறகு காற்றின் வாசனையே மாறுகிறது. சிப்காட் வந்துவிட்டது.

குடிகாடு இந்தத் தொழிற்பேட்டையின் மடியில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, ஆலை மதில்கள், புகைபோக்கிகள். இன்னொரு பக்கம் உப்பனாறு. இரசாயன நெடி பற்றி இங்குள்ளவர்கள் பல ஆண்டுகளாக மனுக் கொடுத்தும் போராடியும் வருகிறார்கள். நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் வெளியூர் முகம் தெரிந்ததும் கேள்வி வந்துவிட்டது.

"எந்தக் கம்பெனிக்கு வந்திருக்கீங்க தம்பி?"

"கம்பெனிக்கு இல்லம்மா. இந்தப் பக்கம் ஒரு பெரிய சண்டை நடந்திருக்கு. இருநூத்தி நாப்பது வருசம் ஆச்சு. அந்த இடத்தைப் பார்க்கணும்."

"இங்கியா? யாருக்கும் யாருக்கும்?"

இங்கிலீஷ்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் என்றதற்கு அந்த அம்மா தலையாட்டினார். பாண்டிச்சேரி பக்கத்திலேயே இருப்பதால் பிரெஞ்சுக்காரர் யாருக்கும் புதிதில்லை. ஜெர்மன்காரரும் இருந்தார்கள் என்றபோதுதான் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. "ஜெர்மன்காரனா? இவ்ளோ தூரமா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் 1780-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஐதர் அலி ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கிப் பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு படையையே அழித்தார். அமெரிக்காவிலும் போர் நடந்துகொண்டிருந்ததால் இங்கிலாந்தில் ஆள் பஞ்சம். 1781-இல் கம்பெனிக்கும் ஹனோவருக்கும் உடன்படிக்கை ஆனது. 15-ஆம், 16-ஆம் காலாட்படைப் பிரிவுகள் என்று இரண்டு புதிதாகத் திரட்டப்பட்டன. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். கைத்தொழிலாளிகள், குடியானவர் வீட்டுப் பிள்ளைகள், பிழைப்புத் தேடியவர்கள் என்று பலவகை. ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் மாதக்கணக்கான பயணத்தில் கப்பலிலேயே பலர் நோயில் செத்தார்கள். மிச்சம் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் 1782 அக்டோபரில் மதராஸ் கடற்கரையில் இறங்கினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் புயல் அடித்துத் துறையில் நின்ற கப்பல்களைச் சிதறடித்திருந்தது, நகரத்துக்குள் பஞ்சம். தெருவில் பிணம் கிடந்த ஊரைத்தான் அவர்கள் முதலில் பார்த்தார்கள்.

அவர்கள் அணிந்திருந்தது சிவப்புச் சட்டை. ஜெர்மன் சிப்பாய் என்றதும் சாம்பல் நிற உடையும் கூர்முனைத் தலைக்கவசமும் நினைவுக்கு வருபவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அந்தக் கூர்முனைக் கவசமான பிக்கல்ஹாபே பிரஷ்யாவில் 1842-இல்தான் வந்தது. உருக்குக் கவசம் 1916-இல். உருக்குக் கவசத்தை வடிவமைத்த ஃபிரீட்ரிஷ் ஷ்வெர்ட் ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர். 1783-இல் கடலூருக்கு வந்த ஹனோவர்ச் சிப்பாய்க்கு, மன்னர் ஒருவரே என்பதால், ஆங்கிலேயனைப் போலவே சிவப்புக் கம்பளிக் கோட்டு. கம்பெனியின் இந்தியச் சிப்பாய்க்கும் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் மூவரும் ஒரே நிறம். கிட்டே போனால்தான் மடிப்பின் நிறமும் பொத்தானும் தொப்பியும் யார் யார் என்று சொல்லும்; சேகரிப்பவரின் கண் பழகுவதும் அங்கேதான். ஹனோவர்க் கிரனேடியர் தொப்பியின் முகப்பில் பாய்ந்தோடும் வெள்ளைக் குதிரை இருக்கும். அது ஹனோவரின் சின்னம்.

கம்பளிக் கோட்டு, ஜூன் மாதம், கடலூர். கத்திரி முடிந்தும் தணியாத வெயிலில் பத்து நிமிடம் குடிகாட்டுச் சாலையோரம் நின்றாலே முதுகில் சட்டை ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சிப்பாய்கள் அதற்கு மேல் தோள்பட்டை வார், தோட்டாப் பை, தண்ணீர்க் குடுவை, நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கி எல்லாம் சுமந்து நடந்தார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீருடையைப் பார்க்கிறவருக்கு அதன் பாரம் தெரியாது. இந்த மணலில் நடந்தால் தெரியும்.

ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை 1783 ஜூன் முதல் வாரம், முந்திய ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிருந்த கடலூரை நெருங்கியது. ஸ்டூவர்ட் 1781-இல் நடந்த போரில் ஒரு காலை இழந்தவர். வடக்கிலிருந்து வந்த அவர் நேராகக் கோட்டையை முட்டாமல், மேற்கே மலையைச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் வந்து பாளையம் இறங்கினார். வலக்கை கடலோரம், இடக்கை மலையடிவாரம். இன்றைய குடிகாடு பழைய நகரத்தின் அந்தத் தெற்குத் திசையில்தான் இருக்கிறது. கப்பல்களிலிருந்து படகில் வந்து இறங்கும் அரிசியையும் வெடிமருந்தையும் நம்பியே அந்தப் பாளையம் நடந்தது.

எதிரே இருந்தவர் பிரெஞ்சுத் தளபதி மார்க்கி தெ புஸ்ஸி. புதுச்சேரியில் புஸ்ஸி வீதி வழியாகப் போகும் எல்லோருக்கும் பெயர் தெரிந்தவர். அவரோடு ஐதரின் மகன் திப்புவின் மைசூர்ப் படையும் இருந்தது. நகரத்துக்குத் தெற்கே, மலைக்கும் உப்பங்கழிக்கும் நடுவே மண்ணரண் எழுப்பிக் காத்திருந்தார்கள்.

ஆங்கிலேயர் அந்த மலையைப் 'பண்டபொல்லம்' என்று எழுதினார்கள். கடலூர்க்காரர்களுக்கு அது கேப்பர் மலை, அடிவாரத்தில் வண்டிப்பாளையம். மலை என்று சொன்னாலும் செம்மண் மேடுதான். முந்திரியும் பலாவும் காய்க்கிற அந்த மேட்டில் ஏறினால் கிழக்கே நகரமும் அதற்கப்பால் கடலும் விரிகின்றன. பீரங்கி வைப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது போர்க்கலை தெரியாதவருக்கும் விளங்கும். இதே மேட்டில் கடலூர் மத்தியச் சிறை இருக்கிறது. 1918 நவம்பரில், ஐரோப்பாவில் ஜெர்மனி போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட சில நாளில், புதுச்சேரியிலிருந்து வெளியே வந்த பாரதியைக் கைது செய்து வைத்தது கடலூர்ச் சிறையில்தான்.

1783 ஜூன் 13 விடியுமுன் ஸ்டூவர்ட்டின் படையினர் இந்த மேட்டைத் தாக்கிப் பிடித்தார்கள். பிறகு சமவெளியில் உள்ள அரண்களை நோக்கி அலை அலையாகப் பாய்ந்தார்கள். ஹனோவர்ப் பிரிவினர் கர்னல் வாங்கன்ஹைம் தலைமையில் ஸ்காட்லாந்துக்காரர்களோடும் இந்தியச் சிப்பாய்களோடும் அந்த வெட்டவெளியில் நின்றார்கள். பிற்பகல் வரை சண்டை. முக்கியமான அரண் கைமாறியது. இரவில் புஸ்ஸி தன் படையைக் கோட்டைக்குள் இழுத்துக்கொண்டார். ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஒரே நாளில் சுமார் ஆயிரம் பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்திருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, ஜூன் 20 அன்று, கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் 15 போர்க்கப்பல்கள் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களோடு மோதின. ஹியூஸ் மதராஸுக்குப் பின்வாங்கினார். தெற்கே மணலில் கிடந்த பாளையத்துக்கு வந்துகொண்டிருந்த உணவு நின்றது. ஜூன் 25 விடியலில் பிரெஞ்சுக்காரர் கோட்டையிலிருந்து பாய்ந்து வந்து தோற்றுத் திரும்பினார்கள். வங்காளத்திலிருந்து தரைவழியே நடந்தே வந்திருந்த சிப்பாய்கள் துப்பாக்கிக் கத்தியோடு நேருக்கு நேர் நின்று அவர்களை எதிர்த்தார்கள். மாதக் கடைசியில் சமாதானக் கொடியோடு ஒரு கப்பல் வந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சமாதானம் கையெழுத்தாகிவிட்டது என்ற சேதி அதில் இருந்தது. கையெழுத்தான தேதி ஜனவரி 20.

ஐந்து மாதம். கேப்பர் மலைச் சரிவில் விழுந்த ஒவ்வொருவரும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், ஐரோப்பாவில் முடிந்துபோன ஒரு போரில் செத்தவர். இந்தச் செய்தியை நெஞ்சு பொறுத்துக் கடக்க முடிவதில்லை.

அந்த ஜூன் 25 சண்டையோடு ஒட்டிய கதை ஒன்று உண்டு. பிடிபட்ட பிரெஞ்சுக்காரரில் காயம்பட்ட இளம் சார்ஜன்ட் ஒருவனை வாங்கன்ஹைம் அன்போடு கவனித்தாராம். பின்னாளில் நெப்போலியனின் தளபதியாக ஹனோவரை ஆள வந்த பெர்னதோத், வயதான வாங்கன்ஹைமைக் கண்டு, "அந்த சார்ஜன்ட் நான்தான்" என்றாராம். பெர்னதோத் பிறகு ஸ்வீடனுக்கே மன்னர் ஆனவர். அவர் இந்தியாவுக்கு வந்ததை வரலாற்றாளர் பலர் ஏற்பதில்லை. ஆனாலும் கடலூர்ப் போரைப் பற்றிய பேச்சில் இந்தக் கதை விடாமல் வருகிறது.

கடலூரின் மஞ்சக்குப்பத்தில் கிளைவ் குடியிருந்த தோட்ட வீடு இன்றும் நிற்கிறது. தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் கலக்கும் இடத்தருகே, புனித டேவிட் கோட்டையின் செங்கல் எச்சங்கள். 1690-இல் அந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். கடலூர் முதுநகரின் குறுகலான தெருக்களில் பழைய பண்டகசாலைகள் இருக்கின்றன. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் இருவருக்கும் இங்கே நினைவு உண்டு. ஹனோவர்க்காரருக்கென்று ஒரு கல்பலகைகூடப் பயணியின் கண்ணில் படவில்லை.

சட்டைகள் என்ன ஆயின? பெரிய மர்மம் ஏதுமில்லை. அந்தக் காலக் கம்பெனிப் படைகளில் ஒருவன் செத்தால் அவன் பொருள்கள் பாளையத்திலேயே ஏலம் போகும். நல்ல கோட்டு இன்னொருவன் தோளுக்கு ஏறும். கிழிந்தால் ஒட்டுத்துணி ஆகும். மிச்சத்தைக் கரையானும் ஈரமும் பார்த்துக்கொள்ளும். கம்பளி இந்த மண்ணில் நிற்காது. ஈயக்குண்டும் உலோகப் பொத்தானும்தான் நிற்கும். அவையும் மழைக்குப் பிறகு எங்காவது மேலே வந்தால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகின்றன.

ஐரோப்பாவில் நடக்கும் சேகரிப்பு வேறு உலகம். அங்கே ஒரு பிக்கல்ஹாபே கைக்கு வந்தால், அதை வாங்குபவர் முதலில் பார்ப்பது பளபளப்பை அல்ல. முன்பக்கத்து உலோகச் சின்னத்தைத் தூக்கி, தோலில் எத்தனை துளை என்று பார்ப்பார். சின்னத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகத் துளை இருந்தால், யாரோ விலை கூட்டுவதற்காக வேறு படைப்பிரிவின் சின்னத்தை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே அளவு முத்திரை, தயாரிப்பாளர் முத்திரை, தையல் நூல் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். துணிப்பட்டை என்றால் புற ஊதா விளக்கில் காட்டுவார்கள். பிற்காலச் செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரும். ஜிப்ரால்டர் பட்டைக்கு இந்தச் சோதனைகள் எல்லாம் உண்டு, ஏனென்றால் அதற்குப் போலிகள் ஏராளம்.

போலி அதிகம் உலவும் இன்னொரு துணிச்சின்னம் இந்தியாவோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, நேதாஜியின் அழைப்பில், ஜெர்மனியிடம் போர்க்கைதிகளாக இருந்த இந்தியர்கள் பலர் சேர்ந்து உருவான படை ஜெர்மன் சீருடையையே அணிந்தது. சட்டைக் கையில் மூவர்ணத்தின்மேல் பாயும் புலியும் 'சுதந்திர இந்தியா' என்ற ஜெர்மன் எழுத்தும். 1783-இல் ஜெர்மானியன் ஆங்கிலேயனின் சிவப்பை அணிந்து இந்தியாவில் நின்றான். 1943-இல் இந்தியன் ஜெர்மானியனின் சாம்பலை அணிந்து ஐரோப்பாவில் நின்றான். உடையை மட்டும் சேகரிப்பவர்கள் இந்த இரண்டையும் இரண்டு தனி அலமாரியில் வைப்பார்கள். உள்ளே இருந்த மனிதரை நினைப்பவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார்கள். சேகரிப்பு என்ற வேலைக்கு மதிப்பு வருவது இரண்டாவது வகையில்தான்.

அந்த நாஜிக் காலப் பொருள்களில் ஒரு கவனமும் தேவை. ஸ்வஸ்திகச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மனியின் தண்டனைச் சட்டம் தடுக்கிறது. ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. லட்சக்கணக்கானோரைக் கொன்ற ஆட்சியின் உடையை அழகுப்பொருளாகச் சுவரில் மாட்டுவது சேகரிப்பு ஆகாது.

தமிழ்நாட்டில் ஜெர்மன் படை என்றால் எல்லோருக்கும் 1914 செப்டம்பர் 22 இரவில் மதராஸைச் சுட்ட எம்டன் கப்பல்தான் நினைவு. அதன் குண்டுச் சிதறல் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயர்நீதிமன்ற மதிலில் கல்வெட்டு இருக்கிறது. ஓர் இரவில் வந்து சுட்டுவிட்டுப் போன கப்பலுக்கு இவ்வளவு. ஏறத்தாழ பத்தாண்டு தமிழ் மண்ணில் கிடந்து, 1790-களின் தொடக்கத்தில் மிச்சம் பேர் ஊர் திரும்பிய இரண்டு படைப்பிரிவுகளுக்கு ஒன்றுமில்லை. திரும்பியதும் அவை கலைக்கப்பட்டன. வாரிசுப் படைப்பிரிவு இல்லை. அதனால் 1901-இல் பட்டை தைத்துக்கொள்ளக் கை இல்லை. ஜிப்ரால்டர் நினைவில் நின்றதற்கும் கடலூர் மறந்துபோனதற்கும் வீரம் காரணமில்லை. அலுவலகக் காகிதம்தான் காரணம்.

இந்தக் கடலூரில் அந்நாளில் ஜெர்மன் பேசிய இன்னொருவரும் இருந்தார். 1767-இல் வந்த கெரிக்கே பாதிரியார். 1782-இல் பிரெஞ்சுக்காரரிடமும் மைசூர்ப் படையிடமும் ஊர் விழுந்தபோது மக்களைக் கொள்ளையிலிருந்து காக்க மன்றாடியவர். அவரைப் போன்ற மிஷனரிகளின் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் பத்திரமாக இருக்கின்றன. ஹனோவர்ப் படையோடு வந்த லாங்ஷ்டெட் என்ற பாதிரியார் 1789-இல் பயண நூல் வெளியிட்டார். கார்ல் பெஸ்ட் என்ற அதிகாரியின் இந்தியக் கடிதங்கள் 1807-இல் அச்சேறின. சட்டை மட்கிப்போனாலும் அதை அணிந்தவர்களின் சொற்கள் மிஞ்சியிருக்கின்றன.

கடலூரில் தேடிப் போகிறவர்கள் மண்வெட்டியோ உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோ எடுத்துப்போகக் கூடாது. மண்ணுக்குள் கிடைக்கும் பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறு ஆண்டைக் கடந்த தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வண்டிப்பாளையத்துத் தோப்பில் ஒரு பொத்தான் கிடைத்தால், அது கிடந்த இடத்தோடு சேர்ந்தால்தான் பேசும். எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் என்ற விவரம் போய்விட்டால் அது வெறும் தகரத்துண்டு.

செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. ஹனோவர் ஆவணக் காப்பகத்தில் அந்தப் படைகளின் தாள்கள் உள்ளன. செல்லே நகரின் போமான் அருங்காட்சியகத்தில் ஹனோவர்ப் படையின் உடைகளும் ஆயுதங்களும் உள்ளன. அதே ஆண்டுகளில் புதுச்சேரியில் இரண்டாம் வீராநாயக்கர் தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். 1778 முதல் 1792 வரை அது நீள்கிறது. ஜெர்மன் படித்த ஒரு தமிழ் ஆய்வாளர் இந்த நாட்குறிப்பையும் ஹனோவர்க் கடிதங்களையும் ஒரே மேசையில் விரித்து, நாள் நாளாக ஒப்பிட்டால், 1783 ஜூன் மாதக் கடலூரை இரு கரையிலிருந்தும் பார்க்க முடியும். கேப்பர் மலையில் ஒரு தகவல் பலகை வைக்க அதுவே போதும். அதில் ஹனோவர், ஸ்காட்லாந்து, வங்காளம், மைசூர், பிரான்ஸ் என்று எல்லாப் பெயரும் இருக்கட்டும். எழுத்து தமிழில் பெரிதாக இருக்கட்டும், குடிகாட்டு டீக்கடை அம்மாவின் பேரப்பிள்ளைகள் படிக்கும்படியாக.